ராட்சதக் குரங்குக்கு ரோமம் வைத்தவர்கள்

நியூயார்க் நகரில் 102 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஒரு ராட்சதக் குரங்கு அதன் உச்சியில் ஏறி நிற்கிறது. சுற்றிப் பறக்கும் ஆகாய விமானங்களைக் கையால் அடிக்கிறது. இந்தக் காட்சியைப் படத்திலோ சுவரொட்டியிலோ பார்க்காதவர்கள் குறைவு.

அந்தக் குரங்கின் பெயர் கிங் காங். இந்த ஒரே கதையை மூன்று முறை பெரிய அளவில் படம் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் செலவு மலைபோல் ஏறியது. இன்று இம்மாதிரிப் படங்களின் வேலையில் ஒரு பகுதி நம் பக்கத்து நகரங்களுக்கே வருகிறது. ஆகவே இது வெறும் சினிமாச் சேதி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, வேலூர் வட்டாரத்தில் தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய தொழில் சேதியும்கூட.

முயல் தோலும் கரடித் தோலும்

முதல் படம் 1933ம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. ஒரு சினிமாக்காரர் கப்பலேறி யாருக்கும் தெரியாத தீவுக்குப் போகிறார். அங்கே காங் என்ற ராட்சதக் குரங்கைப் பிடிக்கிறார். நியூயார்க்குக்குக் கொண்டு வந்து, காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார். குரங்கு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் குண்டடிபட்டு விழுந்து சாகிறது. இதுதான் கதை.

திரையில் மலைபோல் தெரிந்த குரங்கு, உண்மையில் ஒன்றரை அடி பொம்மை! உள்ளே உலோக எலும்புக்கூடு. மேலே ரப்பர். அதற்கும் மேலே முயல் தோல். மார்செல் டெல்காடோ என்பவர் பொம்மையைச் செய்தார். வில்லிஸ் ஓ'பிரையன் என்பவரின் தலைமையில் அதை அசைத்தார்கள். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். ஒரு படம் பிடிப்பார்கள். மறுபடியும் நகர்த்துவார்கள்; மறுபடியும் பிடிப்பார்கள். ஒரு வினாடிக் காட்சிக்கு 24 படங்கள் வேண்டும்.

தொட்டுத் தொட்டு நகர்த்தியதால், முயல் ரோமத்தில் விரல் பட்ட இடமெல்லாம் கலைந்தது. திரையில் பார்த்தபோது, குரங்கு கோபத்தில் சிலிர்ப்பதுபோல் இருந்தது! முகத்தை அருகில் காட்டுவதற்கு மட்டும் பெரிய தலை ஒன்று செய்தார்கள். அதைக் கரடித் தோலால் போர்த்தினார்கள். மொத்தப் படத்துக்கும் ஆன செலவு சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் டாலர்.

குதிரைவால் ரோமம்

இரண்டாவது படம் 1976ல் வந்தது. முதலாளி டீனோ டி லாரன்டிஸ். செலவு சுமார் 2 கோடி 40 லட்சம் டாலர். 40 அடி உயரத்தில் இயந்திரக் குரங்கு செய்யப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். இத்தாலியரான கார்லோ ராம்பால்டி அதைச் செய்தார். அர்ஜென்டினா நாட்டிலிருந்து குதிரைவால் ரோமம் வரவழைத்து ஒட்டினார்கள். சுமார் 17 லட்சம் டாலர் விழுங்கிய அந்த இயந்திரம், சொன்னபடி அசையவில்லை. படத்தில் அது தெரிவது சில வினாடிகளே.

பிறகு படம் முழுவதும் நடித்தது யார்? ரிக் பேக்கர் என்ற இளைஞர்! குரங்கு உடையை மாட்டிக்கொண்டு, கொதிக்கும் விளக்குகளுக்கு நடுவே வேர்வை சிந்தி நடித்தார். தந்திரக் காட்சிகளுக்காக அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவர்களில் ராம்பால்டி இருந்தார். பேக்கர் இல்லை.

கம்ப்யூட்டரில் முளைத்த ரோமம்

மூன்றாவது படத்தை 2005ல் நியூசிலாந்துக்காரரான பீட்டர் ஜாக்சன் எடுத்தார். சிறுவயதில் பழைய படத்தைப் பார்த்துத்தான் அவருக்குச் சினிமா ஆசையே பிறந்தது. இதற்குச் செலவு சுமார் 20 கோடி 70 லட்சம் டாலர். வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியது. ஆண்டி செர்கிஸ் என்ற நடிகர் நடித்துக் காட்டிய அசைவுகளை, கம்ப்யூட்டரில் குரங்கின் உடலுக்கு மாற்றினார்கள். ரோமமும் கம்ப்யூட்டரிலேயே முளைத்தது. முயலும் வேண்டாம், கரடியும் வேண்டாம்.

ஆனால் ஆள் வேண்டாம் என்று ஆகவில்லை! கம்ப்யூட்டர் முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார வேண்டியதாயிற்று.

ஷூவுக்கும் இதே கதை

ஆம்பூரில் ஒரு ஷூ எப்படி உருவாகிறது? ஒருவர் தோலை வெட்டுகிறார். ஒருவர் ஓரத்தைச் சீவுகிறார். ஒருவர் தைக்கிறார்; தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடைசியில் ஷூவில் பதிகிற பெயர் வெளிநாட்டுக் கம்பெனியுடையது.

ராட்சத மிருகப் படங்களும் இப்போது இப்படித்தான் தயாராகின்றன. ஒரு காட்சியில் நடிகருக்குப் பின்னால் மிருகத்தை நிறுத்த வேண்டும். அதற்கு நடிகரின் உருவத்தை ஓரம் பிசகாமல் ஒவ்வொரு படமாக வெட்டி எடுக்க வேண்டும். இதற்கு 'ரோட்டோ' என்று பெயர். 10 வினாடிக் காட்சிக்கு 240 படங்கள்! தோல் வெட்டும் வேலையைப் போலவே கண்ணும் கையும் பொறுமையும் வேண்டிய வேலை இது. பெங்களூர், சென்னை, ஐதராபாத், மும்பை நகரங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இவ்வகை வேலைகளைச் செய்கிறார்கள்.

காங், காட்ஸில்லாவோடு மோதும் புதிய படம், 2021ம் ஆண்டு மார்ச் 24ந்தேதி தமிழிலும் பேசிக்கொண்டு இங்கே வந்தது. அமெரிக்காவுக்கு முன்பே இந்தியாவில் வெளியாகி, கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்தார்கள். ஆனால் அதன் கடைசியில் ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்களைப் படிக்க யார் காத்திருந்தார்கள்?

ஆர்டர் நின்றால்?

புதுச்சேரியில் சில காட்சிகள் எடுத்த 'லைஃப் ஆஃப் பை' படம் நினைவிருக்கும். அதில் வரும் புலியின் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் செய்தது. செய்த கம்பெனிக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் அந்தப் புலிக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது! மேடையில் ஒருவர் கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதும், சுறாமீன் படத்தின் பயங்கர இசையைப் போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு கம்பெனி எம்.பி.சி. 2014ல் வந்த காட்ஸில்லாவை உருவாக்கியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பெங்களூரில் பெரிய பணிக்கூடம் வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதன் தாய்க் கம்பெனி நொடித்தது. பெங்களூர், மும்பை பணிக்கூடங்களும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலையை இழந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 27ந்தேதி, இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்துக்கு ஏறியது. நம் ஷூ கம்பெனிகள் கலங்கின. வெளிநாட்டில் எடுக்கும் படங்களுக்கு 100 சதவீத வரி என்றும் அமெரிக்க ஜனாதிபதி அந்த ஆண்டில் இரண்டு முறை அறிவித்தார். ஷூ தைப்பவருக்கும் மிருகம் செய்பவருக்கும் பயம் ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. இருவர் கையிலும் தொழில் இருக்கிறது. ஆர்டரும் விலையும் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

சொந்தச் சரக்கு

இதற்கு மாற்று வழி இல்லையா? உண்டு. ஜப்பானைப் பாருங்கள். காட்ஸில்லா 1954ல் அங்கே பிறந்த மிருகம். 2023ல் ஜப்பானியர்களே அதை வைத்துப் புதிய படம் எடுத்தார்கள். தந்திரக் காட்சிகளைச் செய்தவர்கள் சுமார் 35 பேர்தான். டைரக்டர் தகாஷி யமஸாகியே அந்த வேலைக்கும் தலைவர். செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்று அவரே சொன்னார். 2024 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. கதை அவர்களுடையது. மிருகமும் அவர்களுடையது. அதனால் பெயரும் லாபமும் அவர்களுக்கே வந்தன.

நம் வட்டாரத்தில் பல பெற்றோர், "தோல் ஷாப் கஷ்டம் எங்களோடு போகட்டும்" என்று பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் சினிமா படிப்புக்கு அனுப்ப நினைக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். ரோட்டோ மட்டும் கற்றுத் தருவார்களா? படம் வரையவும், உருவம் அமைக்கவும், கதை சொல்லவும் கற்றுத் தருவார்களா? படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? கம்பெனி மூடினால் சம்பள பாக்கிக்கு என்ன வழி? ஆர்டர் திடீரென்று நிற்பது எப்படி இருக்கும் என்று ஆம்பூர்க் குடும்பங்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்.