பத்தில் நான்கு போதுமா?

2024 ஜூலை 7 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் அமைப்பு இருந்தாக வேண்டும். வேகம் 70 கி.மீ.யைத் தாண்டினால் அது தானாகவே இயங்க வேண்டும். வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் இந்த அமைப்புகளை உருவாக்கும் நாம் அதே விதியில் உள்ள ஓர் எண்ணை மறக்கக் கூடாது. சோதனையில் கண்டறியும் திறன் சராசரியாக 40 சதவீதத்தைத் தாண்டினால் அமைப்பு தேறிவிடும். பத்துத் தடவை கண் சொக்கினால், கிட்டத்தட்ட ஆறு தடவை அது பேசாமல் இருக்கலாம்.

எண் இவ்வளவு தாழ்ந்திருப்பது ஏன் என்று ஊகிக்க முடிகிறது. அமைப்பின் கணிப்பை நாம் ஒப்பிடுவது, தூக்கக் கலக்கத்தை அளக்கும் கரோலின்ஸ்கா அளவுகோலோடு. ஒன்பது படிகளில் எட்டாவதே எல்லை. அந்தப் படியைச் சொல்பவர் ஓட்டுநர். தூக்கம் அவருடைய மதிப்பீட்டையும் மழுங்கடிக்கும். போதாக்குறைக்கு, சில நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் கேள்வியே அவரை உசுப்பிவிடுகிறது.

இதைவிட என்னை உறுத்துவது ஸ்டீயரிங். 2009-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எச்சரிக்கை அமைப்பைக் கொண்டுவந்தபோது அது ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைக் கவனித்தது. விழித்திருக்கும் கை ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்கும். கண் செருகும்போது சில நொடி சும்மா கிடக்கும். பிறகு திடுக்கிட்டு வெடுக்கென்று திருப்பும். செலவில்லாத, அருமையான அடையாளம் அது. இன்று காரைத் தடத்தின் நடுவில் வைத்திருக்கும் உதவி வந்துவிட்டது. அந்தத் திருத்தங்களை மோட்டார் செய்கிறது. ஓட்டுநர் அயர்ந்தாலும் கார் கொஞ்ச நேரம் நேராகவே ஓடும். கைக்கு வேலை இல்லாத அந்த நீண்ட நெடுஞ்சாலையில்தான் தூக்கம் அதிகம் வருகிறது. நம் அடையாளம் அங்கேதான் மங்குகிறது. ஸ்டீயரிங்கை மட்டும் நம்பும் வடிவமைப்பை இனி யாரும் முன்வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அப்படியானால் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்த நேரத்தின் பங்கைக் கணக்கிடும் பெர்க்லாஸ், 1990-களிலிருந்து நம் கையிலிருக்கும் நல்ல அளவை. ஆனால் அது பெரும்பாலும் ஒரு நிமிடச் சராசரி. 100 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண்ணயர்ந்தால் கார் 83 மீட்டர் போய்விடும். அந்த மூன்று நொடி சராசரியில் வெறும் 5 சதவீதம். கறுப்புக் கண்ணாடியும் இயல்பிலேயே சிறிய கண்களும் தரும் சிக்கல்கள் தனி.

காரிலேயே இருக்கும் கடிகாரத்தை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. பின்னிரவு 2 முதல் 6 மணி வரையிலும், பிற்பகலிலும் உடல் தூக்கத்தை நாடும். இடைவிடாமல் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்பதும் காருக்குத் தெரியும். அதிகாலை மூன்று மணிக்கு, நான்கு மணி நேரம் ஓட்டி வந்தவரின் ஒரு நீண்ட இமைப்பும், காலை பத்து மணிக்கு வேறொருவரின் அதே இமைப்பும் ஒன்றல்ல. எச்சரிக்கும் எல்லையை நேரத்துக்கு ஏற்ப இறக்க, புதிய உணரி எதுவும் வேண்டாம்.

அடுத்த இதழ் முதல், இத்துறைக் கட்டுரைகளில் சராசரித் திறனை மட்டும் தந்தால் ஏற்கமாட்டோம். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அமைப்பு தவறவிட்ட தடவைகள் எத்தனை, வீணாக ஒலித்தவை எத்தனை, தட உதவி இயங்கியபோது இவை எப்படி மாறின என்ற அட்டவணையும் வேண்டும்.