பாக்கெட்டின் முதுகைப் படியுங்கள்

கோடை விடுமுறை முடிந்து சென்னையிலிருந்து தில்லிக்குத் திரும்பும் ரயிலில் தமிழ்க் குடும்பம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ரிசர்வேஷன் பட்டியல் தேவையில்லை. மூக்கு போதும். ஊறுகாய் பாட்டிலுக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே, பழைய புடவையில் பத்திரமாகச் சுற்றி வைத்த இரண்டு கிலோ காபிப் பொடி. தில்லியில் பொடி கிடைக்காமல் இல்லை. முனிர்காவிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் கடைகள் உண்டு. கைபேசியில் விரலால் தட்டினால் வீட்டு வாசலில் கொண்டு வந்தும் போடுகிறார்கள். இருந்தும் மூட்டை கட்டும் பழக்கம் போகவில்லை. "ஊர்ப் பொடி மாதிரி வராது" என்பார்கள்.

அந்த ஊர்ப் பொடியில் என்னதான் இருக்கிறது? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஆவி பறக்கும் டம்ளர், பச்சை மலை, தங்க நிற எழுத்தில் ஏதோ ஒரு பெருமைப் பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு எண்கள். சமாசாரம் அங்கேதான் இருக்கிறது.

காபியும் சிக்கரியும் கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியாவில் சட்டம். திருப்பிப் படித்தால், 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். எது எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும் என்பதும் சட்டம்தான். அச்சிடுகிறார்கள். நாம்தான் படிப்பதில்லை. 53க்கு 47 என்ற விகிதத்தில் கலந்த பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவில் காபி 265 கிராம். மீதி 235 கிராம் வறுத்த வேர். காபி விலை கொடுத்து நாம் வாங்கி வருவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வேர்ப் பொடி.

இந்த எண்களை இப்போது படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வியட்நாமில் வறட்சி வந்து விளைச்சல் குறைந்ததில், லண்டன் சந்தையில் ரோபஸ்டா காபி 2024 செப்டம்பரில் டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. பிரேசிலும் காய்ந்தது. நியூயார்க்கில் அராபிகா 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. இப்படி ஏறும்போது பொடி விற்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விலையை ஏற்றுவது. அதை வாடிக்கையாளர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று, விலையை அதிகம் தொடாமல் 80க்கு 20 என்றிருந்த கலவையை 70க்கு 30 ஆக்குவது. சிக்கரி, காபியைவிடப் பல மடங்கு மலிவு. நாக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். விலையேற்றம் பத்திரிகையில் செய்தியாகும். விகித மாற்றம் பாக்கெட்டின் முதுகில் மட்டும் வரும்.

பிரேசிலில் மழை பெய்யாததற்கும் மாயவரத்தில் காலைக் காபிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அதிகம் கிடையாது. 1942ல் வந்த சட்டப்படி, தோட்டக்காரர் விளைந்த காபியைக் காபி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். போர்டு அதை மொத்தமாகச் சேர்த்து, ஏற்றுமதிக்கும் உள்நாட்டுக்கும் தனித்தனியே ஏலம் விடும். உலக விலைக்கும் நம் அடுப்படிக்கும் நடுவே போர்டு ஒரு மதில் மாதிரி நின்றது. மதிலுக்கு உள்ளே தோட்டக்காரர்கள் புழுங்கினார்கள். விற்ற காபிக்குப் பணம் தவணை தவணையாக வரும். நல்ல காபி விளைவித்தவருக்கும் தனியாகப் பெரிய லாபமில்லை. 1992ல் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தி, 1996ல் முழு விடுதலை கொடுத்தார்கள். தோட்டக்காரர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு லண்டன் விலை குடகுக்கு வர ஒரு நாள்கூட ஆவதில்லை. குடகிலிருந்து கும்பகோணத்துக்கு எத்தனை நேரம்?

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் டன் காபி விளைகிறது. எழுபது சதவீதம் கர்நாடகத்தில். தமிழ்நாட்டின் பங்கு ஐந்து சதவீதம் அளவுதான். ஏற்காடு, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை எல்லாம் சேர்த்து. மொத்த விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கப்பலேறிவிடுகிறது. இத்தாலி நம்முடைய பெரிய வாடிக்கையாளர். எஸ்பிரெஸ்ஸோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரைக்கு இந்திய ரோபஸ்டா நன்றாக உதவுகிறது என்று வாங்குகிறார்கள். ரோம் நகரத்தில் நின்றுகொண்டு காபி குடிக்கும் குமாஸ்தாவின் கோப்பையில் நம் காபி இருக்கிறது, சிக்கரி இல்லை.

சிக்கரியைத் திட்டுவது என் நோக்கமல்ல. அது விஷமுமல்ல, கலப்படமுமல்ல. முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள் இறங்கும் ஒரு வேர். குஜராத்தில் ஜாம்நகர் பக்கமும், உத்தரப் பிரதேசத்தில் ஏட்டா பக்கமும் பயிராகிறது. வேரைத் துண்டு போட்டுக் காயவைத்து வறுத்தால் கறுத்து, கசப்பும் லேசான கருகிய வெல்ல வாசனையும் வரும். கஃபீன் கிடையாது. 1806ல் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்குக்குக் கதவடைத்தபோது ஐரோப்பாவில் காபிக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரைப் பிடித்துக்கொண்டார்கள். தட்டுப்பாடு போன பிறகும் பழக்கம் போகவில்லை. நாக்கு எங்கும் ஒன்றுதான்.

பாலூற்றிக் குடிக்கும் நமக்கு சிக்கரியால் ஒரு உபகாரமும் உண்டு. வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடியது முப்பது சதவீதம் போலத்தான். சிக்கரியில் அதைப்போல இரு மடங்கு. அதனால் டிக்காஷன் கறுப்பாக, கொழகொழவென்று இறங்கும். நிறைய பால் விட்டாலும் நிறம் நிற்கும். "கள்ளிச் சொட்டு மாதிரி" என்று நாம் கொண்டாடுவதில் பாதிப் பெருமை இந்த வேருக்குச் சேர வேண்டும். வம்பும் இங்கேதான். நிறத்தையும் கெட்டியையும் வைத்துக் காபியை எடை போடப் பழகிவிட்டோம். அசல் காபி சற்றுச் செம்மையாக, தண்ணீர் மாதிரி இறங்கினால், "என்ன, பொடி சரியில்லையா?" என்று கேட்கிறோம். என் கணக்கில் நூறுக்குப் பதினைந்து, மிஞ்சினால் இருபது சிக்கரி, பால் காபிக்கு அழகு. முப்பதைத் தாண்டினால் அது கஷாயம்.

வீட்டிலுள்ள பொடியில் எவ்வளவு சிக்கரி என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, அரை ஸ்பூன் பொடியை மேலே தூவுங்கள். கிளறக் கூடாது. காபித் துகள் எண்ணெய்ப் பசையால் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி உடனே நீரைக் குடித்துக்கொண்டு, பழுப்பு நிறக் கோடு போட்டபடி கீழே இறங்கும். அளவு துல்லியமாகத் தெரியாது. ஆனால் இரண்டு கடைப் பொடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் எது காபி, எது வேர் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

வாங்குவதற்குச் சிறந்த இடம், கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடை. தெருவுக்குள் நுழையும்போதே வாசனை கூப்பிடும் அந்தக் கடைகள் குறைந்து வருகின்றன. உங்கள் பேட்டையில் ஒன்று மிச்சமிருந்தால் விட்டுவிடாதீர்கள். அங்கே பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் பலரை மிரட்டும். விஷயம் எளிது. பழத்தின் தோலை உரித்து, நீரில் கழுவிக் காயவைத்த அராபிகாதான் 'பிளாண்டேஷன்'. அதன் பின்னால் வரும் ஏ, பி எல்லாம் கொட்டையின் பருமன். பழத்தோடு அப்படியே காயவைத்தது 'செர்ரி'. வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முதுகு காட்டிக்கொண்டு இருக்கும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை, ஒற்றைக் கொட்டையாக உருண்டு திரண்டிருக்கும். அது 'பீபரி'. உருண்டையாக இருப்பதால் வறுபடுவது சீராக இருக்கும் என்பார்கள். பீபரி என்றால் தனி மரம், தனி ருசி என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே தோட்டம், அதே செடிதான். பால் விட்டுக் குடிப்பவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் என்பது என் கட்சி.

ரோபஸ்டா என்றாலே மட்டம் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. சுதந்திரம் வந்த காலத்தில் இங்கே அராபிகாதான் அதிகம். தண்டு துளைப்பான் பூச்சியின் தொல்லை, பராமரிப்புச் செலவு என்று பல காரணங்களால் இன்று விளைச்சலில் எழுபது சதவீதம் ரோபஸ்டா ஆகிவிட்டது. கஃபீன் இதில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. வாசனை குறைவு, உரப்பு அதிகம். எழுபது பங்கு பிளாண்டேஷன், முப்பது பங்கு கழுவிய ரோபஸ்டா என்று கலந்து வறுத்தால், வாசனைக்கு வாசனை, பாலைத் தாங்கும் திராணிக்குத் திராணி. சிக்கரியைத் தனியாக வாங்குங்கள். இது முக்கியம். தனித்தனியே வாங்கி வீட்டில் கலந்தால் விகிதம் உங்கள் கையில்; காபிக்குக் காபி விலை, வேருக்கு வேர் விலை. தபாலில் வரவழைப்பவர்கள் பொடி வேண்டாம் என்று சொல்லிக் கொட்டையாக வாங்கி, மிக்ஸியில் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். அரைத்த பொடியின் வாசனை பத்துப் பதினைந்து நாளில் பாதி போய்விடும். ஊரிலிருந்து வரும் அந்த இரண்டு கிலோவில் கடைசி ஒரு கிலோவுக்கு வெறும் பெயர்தான் மிச்சம்.

சாலையோரம் தாமிர டபராவைப் படம் போட்டு, 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்த டிகிரி என்ன? பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கருவியை விட்டு டிகிரி பார்த்து வாங்கியதால் வந்த பெயர் என்று ஒரு கட்சி. சிக்கரி என்பதே வாய் வழி திரிந்து டிகிரி ஆனது என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தால் பலகைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இனி ஃபில்டர். மேல் பாத்திரம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நாலு டம்ளர் காபிக்கு முப்பது கிராம் பொடி. பொடியைத் தட்டிச் சமன் செய்து, குடை போன்ற அந்தத் தட்டை மேலே வையுங்கள். விரோதியை அமுக்குவது மாதிரி அமுக்க வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் பொறுங்கள். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். புதிதாக வறுத்த பொடி என்றால் உப்பி எழும்பும், உள்ளே அடைபட்ட வாயு வெளியேறுவதால். அது அடங்கிய பிறகு மீதித் தண்ணீர், மொத்தம் 150 மில்லி. மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பதினைந்து, இருபது நிமிஷம் ஆகும்.

சிக்கரியைக் குறைத்தவர்கள் முதல் நாள் ஏமாறுவது இங்கேதான். சிக்கரி பசை மாதிரி நின்று தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் ஓடிவிடும். ருசி பொடியிலேயே தங்கிவிடும். கடைக்காரரிடம் சற்று நைஸாக அரைக்கச் சொன்னால் தீர்ந்தது. எதிர்த் தொல்லையும் உண்டு: சொட்டவே சொட்டாத ஃபில்டர். ஓட்டைகளில் பழைய பொடி ஏறியிருக்கும். எவர்சில்வர் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து, அடித்தட்டை கேஸ் தணலில் காட்டினால் அடைப்பு கருகி உதிர்ந்துவிடும். பாட்டிமார் செய்த வைத்தியம்.

டிக்காஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள். கொதித்த பாலின் சூடே போதும். வடக்கே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கிடைக்கும் ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம். ஊரில் பழகிய பசும்பாலைவிடக் கெட்டி. அதை ஊர் அளவிலேயே விட்டால் காபி காணாமல் போகும். உடனே கை சிக்கரி டப்பாவுக்குப் போகும். போக வேண்டாம். பாலைக் குறையுங்கள், அல்லது 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்ட் பாலுக்கு மாறுங்கள். தில்லி போன்ற ஊர்களின் கடின நீரும் ருசியை மழுங்கடிக்கும். குடிப்பதற்கு வடிகட்டி வைத்த தண்ணீரையே ஃபில்டருக்கும் ஊற்றுங்கள்.

அப்புறம், இரண்டாம் டிக்காஷன். ஒரு முறை ஊற்றி இறக்கிய பொடியிலேயே மறுபடி வெந்நீர் விட்டு எடுப்பது. முதல் டிக்காஷன் வீட்டு ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். இரண்டாவது, விடியற்காலையில் எழுந்து அதைப் போட்ட பெண்ணுக்கும் வீட்டில் வேலை செய்பவருக்கும் என்று பல வீடுகளில் எழுதாத சட்டம் இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. நல்லது எல்லாம் முதல் தடவையே இறங்கிவிடுகிறது. இரண்டாவதில் வருவது நிறமும் கசப்பும்தான். சிக்கரியில் மிச்சம் பிடித்த காசுக்கு இன்னும் ஒரு ஸ்பூன் பொடி சேர்த்துப் போட்டால் எல்லோருக்கும் முதல் டிக்காஷனே வரும். சக்கை ரோஜாத் தொட்டிக்குப் போகட்டும்.