மணி வடிவம் சான்றாகாது

புள்ளியியலைப் பயன்படுத்தும் துறைகள் பலவற்றில் ஆழ வேரூன்றிவிட்ட நம்பிக்கை ஒன்று உண்டு. தரவுகளைக் கொண்டு நிகழ்வுச் செவ்வகப் படம் ஒன்றை வரைந்து, அது நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து மணியைப் போலத் தோன்றினால், அத்தரவு இயல்நிலைப் பரவலைச் சேர்ந்தது என்று முடிவுகட்டிவிடலாம் என்பதே அது. இரண்டு பரவல்களின் வடிவங்களை ஒப்பிட வேண்டுமானால், இரண்டு செவ்வகப் படங்களை அருகருகே வைத்துக் கண்ணால் பார்த்தாலே போதும் என்றும் கருதப்படுகிறது. ஆய்வேடுகளிலும் தரக்கட்டுப்பாட்டு அறிக்கைகளிலும் இடர் மதிப்பீடுகளிலும் கேள்வியின்றி ஏற்கப்படும் இந்த நம்பிக்கை தவறானது. பரவல்களுக்கிடையே பெரும் விளைவை உண்டாக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கேயே இந்தப் படம் பார்வையிழந்து நிற்பதால், அது ஆபத்தானதும்கூட.

நிகழ்வுச் செவ்வகப் படம் என்பது தரவின் வீச்சைச் சம அளவுள்ள பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மதிப்புகள் விழுகின்றன என்பதைச் செவ்வகத்தின் உயரமாகக் காட்டுவது. பிரிவு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பவற்றைத் தரவு சொல்வதில்லை. வரைபவரோ அவர் பயன்படுத்தும் மென்பொருளோதான் முடிவுசெய்கிறது. பதினாறு மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகும். 10 முதல் 15 வரை ஒருவர், 15 முதல் 20 வரை ஐவர், 20 முதல் 25 வரை இருவர், 25 முதல் 30 வரை இருவர், 30 முதல் 35 வரை ஐவர், 35 முதல் 40 வரை ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மதிப்பெண் அகலமுள்ள பிரிவுகளை 10இலிருந்து தொடங்கினால் செவ்வகங்களின் உயரங்கள் 6, 4, 6 என்று அமைந்து, நடுவில் பள்ளமும் இருபுறமும் முகடுகளும் கொண்ட வகுப்பைக் காட்டும். அதே அகலத்தை வைத்துக்கொண்டு 5இலிருந்து தொடங்கினால் உயரங்கள் 1, 7, 7, 1 என்றாகி, நடுவில் திரண்ட ஒரே குன்றைக் காட்டும். ஒரு மதிப்பெண்கூட மாறாத நிலையில், முதல் படத்தைக் கண்டவர் வகுப்பு இரண்டாகப் பிளந்துள்ளது என்பார். இரண்டாவதைக் கண்டவர் மணி வடிவம் என்பார். தொடக்கப் புள்ளியை நகர்த்தியவுடன் தலைகீழாக மாறிவிடும் வடிவத்தைத் தரவின் வடிவம் என்று கொள்வதற்கு நியாயமில்லை.

தரவு மிகுந்தால் இந்தக் குறை மறையும் என்று வாதிடுவோர் உண்டு. பிரிவுகளைப் பற்றிய குறை ஓரளவு மறையும் என்பது உண்மையே. ஆனால் அதைவிடக் கடுமையான குறை அப்படியே எஞ்சி நிற்கும். மூன்று வரையற்ற பாகைகள் கொண்ட ஸ்டூடண்ட் டி-பரவலை, அதன் திட்ட விலக்கம் ஒன்றாகும்படி சுருக்கி, இயல்நிலைப் பரவலோடு ஒப்பிட்டால் இது விளங்கும். இரண்டும் சமச்சீரானவை, ஒரே முகடு கொண்டவை, மணி வடிவில் சரிபவை. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கங்களுக்கு அப்பால் விழும் பங்கு இயல்நிலைப் பரவலில் 4.6 விழுக்காடு, டி-பரவலில் 4.1 விழுக்காடு, ஆகவே பாடநூல்கள் கற்பிக்கும் 95 விழுக்காட்டு விதி இரண்டிலும் ஏறத்தாழ நிறைவேறுகிறது. நான்கு திட்ட விலக்கங்களுக்கு அப்பால் சென்றால் நிலைமை அடியோடு மாறுகிறது. இயல்நிலைப் பரவலில் அத்தகைய மதிப்பு ஏறத்தாழ 15,800இல் ஒன்று; டி-பரவலில் 162இல் ஒன்று. வேறுபாடு கிட்டத்தட்ட நூறு மடங்கு.

இந்த நூறு மடங்கு வேறுபாடு படத்தில் எவ்வாறு தெரியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அந்த டி-பரவலிலிருந்து ஆயிரம் மதிப்புகளை எடுத்து, அரைத் திட்ட விலக்க அகலமுள்ள பிரிவுகளாக்கினால், சராசரியை ஒட்டிய செவ்வகங்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 275 மதிப்புகளைக் கொண்டிருக்கும். அதைப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வரைந்தால், ஒரு மதிப்புக்குக் கிடைக்கும் உயரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நான்கு திட்ட விலக்கங்களுக்கு வெளியே எதிர்பார்க்கத்தக்க ஆறு மதிப்புகளும் இருபுறத்திலும் வெவ்வேறு பிரிவுகளில் சிதறிக் கிடப்பதால், அவை கிடையச்சுக் கோட்டின் தடிமனோடு கலந்து மறைந்துபோகும். உச்சி சற்றுக் கூர்மையாகத் தெரிந்தாலும், மணியைத் தேடிவந்த கண்ணுக்கு மணியே கிடைத்துவிடும்.

வாலில் மறைந்திருக்கும் இந்த மதிப்புகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. அணையின் கொள்ளளவையும் காப்பீட்டு நிறுவனத்தின் கையிருப்பையும் முதலீட்டாளரின் இழப்பையும் தீர்மானிப்பவை நடுவிலுள்ள வழக்கமான நாட்கள் அல்ல, ஓரத்திலுள்ள அரிய நாட்களே. பருத்தி விலை மாற்றங்களின் வால்கள் இயல்நிலைப் பரவல் அனுமதிப்பதைவிட மிகக் கனமானவை என்று பெனுவா மாண்டல்பிரோ 1963இலேயே எடுத்துக்காட்டினார். ஆயினும் சந்தை ஏற்ற இறக்கங்களை இயல்நிலைப் பரவலாகக் கொள்ளும் வழக்கம் தொடர்ந்தது; 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்தபோது, அந்த வழக்கத்தின்படி நடக்கவே முடியாத ஒன்று நடந்திருந்தது.

மாற்று வழி புதிதும் அன்று, அரிதும் அன்று. நீர்த்தேக்கங்களின் கொள்ளளவைத் திட்டமிட முனைந்த அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன், இயல்நிலைப் பரவல் நேர்கோடாகத் தோன்றும்படி அளவுகோல் மாற்றப்பட்ட வரைதாளை 1914இல் அறிமுகப்படுத்தினார். சென்னையில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராமநாதன் ஞானதேசிகனும் அவருடைய சக ஆய்வாளர் மார்ட்டின் வில்க்கும் 1968இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இக்கருத்தை முழுமையான முறையாக வளர்த்தது. க்யூ-க்யூ வரைபடம் என்று வழங்கும் இதில், தரவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் அதே வரிசை இடத்தில் இயல்நிலைப் பரவலின்படி எவ்வளவு இருந்திருக்க வேண்டுமோ அந்த மதிப்புக்கு எதிரே ஒரு புள்ளியாகக் குறிக்கப்படுகிறது. புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தால் இரண்டின் வடிவமும் ஒன்றே. கோட்டின் சாய்வும் அது அச்சை வெட்டும் இடமும் பரவலின் அகலத்தையும் மையத்தையும் மட்டுமே சொல்கின்றன. மேற்கண்ட ஆயிரம் மதிப்புகளில் மிகப் பெரியது இயல்நிலைப் பரவலின்படி 3.3க்கு அருகில் இருக்க வேண்டும். டி-பரவலில் அது 7.5ஐ ஒட்டி அமையும் என்பதால், அந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகி மேலே நிற்பதை யாரும் தவறவிட முடியாது. செவ்வகப் படம் புதைத்த ஒற்றை மதிப்பை இந்த வரைபடம் முன்னிறுத்துகிறது. பிரிவுகளே இல்லாததால், தொடக்கப் புள்ளியை நகர்த்தி முடிவை மாற்றும் வாய்ப்பும் இதில் இல்லை.

நடுவையே பார்த்துப் பழகிய கண் மற்றொரு பிழையையும் ஈன்றிருக்கிறது. சராசரியிலிருந்து உள்ள விலக்கங்களைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரியைக் காண்பதே தட்டையளவை. 1905இல் அச்சொல்லை அறிமுகப்படுத்திய கார்ல் பியர்சன் அதை உச்சியின் தட்டைத்தன்மையோடு இணைத்தார்; பாடநூல்கள் இன்றும் அதை உச்சியின் கூர்மை என்றே கற்பிக்கின்றன. ஆனால் ஐந்து திட்ட விலக்கங்கள் தள்ளியிருக்கும் ஒரே மதிப்பு இக்கூட்டலில் 625ஐச் சேர்க்கும்போது, ஒரு திட்ட விலக்கத்துக்குள் இருக்கும் எந்த மதிப்பும் ஒன்றுக்கு மேல் சேர்க்க முடியாது. 0 முதல் 1 வரை சீராகப் பரவிய எண்களின் வர்க்கங்களை எடுத்தால், அப்பரவலின் அடர்த்தி பூச்சியத்தில் முடிவிலியாக உயர்கிறது. இருந்தும் அதன் தட்டையளவை 2.14 மட்டுமே, இயல்நிலைப் பரவலின் 3ஐவிடக் குறைவு. இர்விங் கப்லான்ஸ்கி 1945இலேயே சுட்டிக்காட்டிய இப்பிழையை, 2014இல் பீட்டர் வெஸ்ட்பால் மீண்டும் மறுக்க வேண்டியிருந்தது என்பதே நம்பிக்கையின் பிடிவாதத்துக்குச் சான்று.

மைய எல்லைத் தேற்றம் இருப்பதால் பெரிய தரவில் இவை பொருட்டல்ல என்ற வாதமும் நிற்காது. அத்தேற்றம் சராசரிகளின் பரவலைப் பற்றியது. ஒரு வெள்ளத்தின் உயரமோ ஒரு நாளின் இழப்போ சராசரி அன்று. சிறிய தரவில் க்யூ-க்யூ வரைபடத்தின் முனைகள் தற்செயலாகவே அலைபாயும் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்குரிய தீர்வு, அதே எண்ணிக்கையிலான இயல்நிலை மதிப்புகளைக் கணினியில் பலமுறை உருவாக்கி, அவை எவ்வளவு அலைகின்றன என்பதோடு ஒப்பிடுவதே தவிர, அந்த நிச்சயமின்மையைக் காட்டாமலே மறைக்கும் செவ்வகப் படத்துக்குத் திரும்புவது அன்று.

எத்தனை பேர் எந்த வரம்புக்குள் இருக்கிறார்கள் என்று பொதுமக்களுக்குச் சொல்லச் செவ்வகப் படம் நல்ல கருவி. அந்த வேலையை அது தொடரட்டும். பரவலின் வடிவத்துக்குச் சான்றாக அதை ஏற்கும் வழக்கமே முடிவுக்கு வர வேண்டும். மதிப்புகளைத் தம் கையால் வரிசைப்படுத்திக் க்யூ-க்யூ வரைபடத்தில் குறிக்கும் பயிற்சி மாணவர்களுக்குச் செவ்வகப் படத்தோடு சேர்த்தே கிடைக்க வேண்டும். தரவு இயல்நிலைப் பரவலைச் சேர்ந்தது என்று கூறும் ஆய்வேட்டிடம் வால்களைக் காட்டும் படத்தைக் கேட்காமல் தேர்வாளர்கள் கையொப்பமிடக் கூடாது. கணினியில் ஒரே வரிக் கட்டளையால் இந்த வரைபடம் கிடைத்துவிடும் காலத்தில், அதைப் பார்க்காமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.