மர்பி டவுனை விலை பேசுகிறவர் யார்?

மர்பி டவுனில் தமிழர் குறைந்துகொண்டே போகிறார்கள் என்ற கவலை நமது கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. எழுந்த மாத்திரத்தில் பழி கன்னட மக்கள் மீது சுமத்தப்படுகிறது. 1991 டிசம்பர்க் கலவரத்தைக் கண்டவர்கள் நாம். அந்த அச்சத்தை எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும் மர்பி டவுனில் நடப்பது வேறு.

இதன் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. வெள்ளையரின் தண்டில் பங்களாக்களுக்குச் சமைத்தவர்கள், தோட்டம் வைத்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள், மலம் அள்ளியவர்கள் வாழ்ந்த இடம். பெரும்பாலோர் வடஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். ஏழைகளுக்கென அளந்து அமைத்த குடியிருப்பாக இது மாறியபோது தண்டின் இன்ஜினியர் மர்பியின் பெயர் சூட்டப்பட்டது. கட்டியவர்களின் பெயரை யார் வைப்பார்கள்? பிறகு 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., அதன்பின் என்.ஜி.இ.எஃப். என ஆலைகள் வந்தன. அடுத்த தலைமுறைக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. இன்று என்.ஜி.இ.எஃப். இல்லை. ஐ.டி.ஐ. பழைய ஐ.டி.ஐ.யாக இல்லை. மிஞ்சியது ஒப்பந்தக் கூலிதான்.

பக்கத்திலே இந்திரா நகர். 2011-ல் மெட்ரோ ரயிலும் வந்தது. இருபதடி மனைக்கும் தரகர் கதவைத் தட்டுகிறார். வாங்குகிறவர்களில் கன்னடர் உண்டு, தெலுங்கர் உண்டு, மார்வாடி உண்டு, தமிழரும் உண்டு! வெளியேறுகிறவர்களும் அப்படியே. தமிழ்க் கொத்தனாரோடு தெலுங்குத் துப்புரவுத் தொழிலாளியும், உருது பேசும் தள்ளுவண்டிக்காரரும், கன்னட ஆட்டோ ஓட்டுநரும் ஒரே லாரியில் சாமான் ஏற்றுகிறார்கள். அடுக்குமாடியில் இருக்கும் தமிழ்ப் பொறியாளரிடம் பொங்கல் விழாவுக்கு நன்கொடை கேட்கிறோம். அவர் தெருவைப் பெருக்குகிற தமிழச்சியின் கூலி பற்றி அவரிடம் ஒருநாளாவது பேசினோமா?

இன்னொன்றும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். ஒற்றை அறைகளில் இப்போது பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த காவலாளிகள், உணவு விநியோகிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை "வந்தேறிகள்" என்று நம்மவர்களே ஏசுகிறார்கள். நம் தாத்தாக்களை நோக்கி வீசப்பட்ட அதே சொல்!

செய்ய வேண்டிய வேலை ஒன்று கண்முன்னே கிடக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவருக்குப் புதிய மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் சலுகை இல்லை என்று 1990-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 10-8-1950-க்கு முன்பே குடும்பம் இங்கு நிலையாக வசித்ததென்று காட்டினால்தான் உரிமை. கர்நாடகப் பட்டியலில் ஆதிதிராவிடர் இருக்கிறார்கள். மர்பி டவுன் குடும்பங்களில் பலவும் அந்தத் தேதிக்கு வெகு முன்பே வந்தவை. ஆனால் காகிதம் எங்கே? வீடு மாறும்போது பழைய டிரங்குப் பெட்டியோடு அதுவும் போய்விடுகிறது. பாட்டனின் வேலைச் சீட்டு, வாடகை ரசீது, பள்ளிச் சான்று, ஞானஸ்நானச் சீட்டு, எதுவானாலும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள்; நகல் எடுத்து வரிசைப்படுத்தித் தருகிறோம்.