பிறநாட்டுப் பந்தியில்

ஜெர்மனிக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்லும் பிள்ளைக்குக் கம்பளி ஆடை வாங்கித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லி அனுப்புவதில்லை. அன்று அங்கே கடைகள் அடைபட்டிருக்கும். பெரிய இரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சிலவே விதிவிலக்கு. 1919ஆம் ஆண்டின் வைமர் அரசமைப்பு ஞாயிறு ஓய்வுக்கு அளித்த காப்பு இன்றைய சட்டத்திலும் நிலைத்துள்ளது. திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கப் பெர்லின் மாநிலம் இசைவளித்தபோது, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருங்கே வழக்காடினர். 2009இல் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புரைத்தது. நமக்கு இச்செய்தி உவப்பானதே. அரிசி வாங்க மறந்த மாணவனுக்கு எப்படியோ!

வகுப்பறையிலும் புதுமைகள் உண்டு. விரிவுரை முடிந்ததும் மாணவர் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுவர். புதியவர் அதனைச் சினமென்று அஞ்சுவார், அது பாராட்டு.

இவையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது பந்திதான். மாலையில் பல வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், அவ்வளவே. “இன்னும் வேண்டுமா?” என்று ஒருமுறை கேட்பர். “வேண்டாம்” என்றால் வேண்டாம் என்றே கொள்வர். விருந்தினரின் சொல்லை மதிப்பது அவர்கள் பண்பு. அதனை அன்பின்மை என்று நாம் எண்ணலாகாது. நம் பிள்ளையோ, முதலில் மறுப்பதே மரியாதை என்று நம்மிடம் கற்றவன். இரண்டாம் முறை கேட்பார்கள் என்று காத்திருந்துவிட்டு, அரை வயிற்றோடு அறைக்குத் திரும்புகிறான். அது சனிக்கிழமை மாலையாயின், மறுநாள் கடையும் இல்லை.