மொட்டை மாடி அலங்காரம்... முதல் செலவு எதற்கு?

மொட்டை மாடியில் உட்கார ஒரு மூலை வேண்டும் என்றதும் நான் முதலில் வாங்கியது சீரியல் விளக்கு. போட்டோ சூப்பராக வந்தது. ஆனால், சாயங்காலம் 6 மணிக்கும் தரை சுட்டதால், வீட்டில் ஒருவரும் மேலே வரவில்லை!

அதனால் முதல் செலவு நிழலுக்குத்தான். நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும். 50 சதவிகிதம் நிழல் தரும் வலை போதும். துணி காயப்போடும் கம்பியிலேயே கட்டிவிடலாம். ஆடிக் காற்றுக்கு மட்டும் அவிழ்த்து வையுங்கள். தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு இன்னும் குறையும்.

செடிக்குக் காசே வேண்டாம். தெரிந்தவர்கள் வீட்டில் டேபிள் ரோஸ், மணி பிளான்ட் இரண்டிலும் ஒரு கிளை கேளுங்கள். டேபிள் ரோஸுக்கு வெயில் வேண்டும், வலைக்கு வெளியே வையுங்கள். மணி பிளான்ட் நிழலிலேயே வளரும். ஓட்டை பக்கெட்தான் தொட்டி.

வாடகை வீடா? தொட்டிகளைச் செங்கல் மேல் வையுங்கள். அடியில் ஈரம் நின்று கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கினால், அட்வான்ஸில் கைவைத்துவிடுவார்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அதுவே போதும்.

உட்கார ஒரு கோரைப்பாய், பழைய புடவையில் தைத்த தலையணை உறை.

அந்த சீரியல் விளக்கா? இப்போது மாட்டியாச்சு. ஆனால், 8 மணியானால் பாட்டி அணைக்கச் சொல்கிறார். நிலா தெரியலையாம்!