காத்திருப்பது ஓய்வா?

உரும்பிராய்ச் செம்மண்ணில் விளைந்த வெங்காயம் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடித்தான் தம்புள்ளைச் சந்தையைக் காண்கிறது. அங்கே இறக்குவதற்கு வரிசை. "சாரதி சும்மாதானே இருந்தார்" என்கிறோம். சும்மாவா? முன் லொறி நகர்ந்தால் அவரும் நகர வேண்டும். கண்ணயர்ந்தால் முறை போய்விடும். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். சாவடி போய்விட்டது, வரிசை போகவில்லை.

ஐரோப்பியச் சட்டம் நாலரை மணி நேரம் ஓட்டியவருக்கு 45 நிமிட ஓய்வு கொடுக்கிறது. அந்நேரத்தில் வேறு வேலையும் கூடாது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்து மணி நேரத்துக்கு அரை மணி என்று இருந்தது.

உங்கள் வாசலுக்கு மணலோ கல்லோ வந்தால், இறக்கும் ஆட்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லொறி ஓட்டும் கணவர் வீடு வந்து படுத்தால், வரிசையில் நின்ற நேரத்தைத் தூக்கக் கணக்கில் சேர்த்து எழுப்பிவிடாதீர்கள்.